பிக்கப் டிரக்குக்கு வெளிக்கம்பெனி டிஃபரன்ஷியல் கவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு, செவ்ரோலே, ராம், ஜீப் என்று அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பிக்கப்புகளையும் நான்கு சக்கர இயக்க வண்டிகளையும் மனதில் வைத்து எழுதியது. கவர் என்று இங்கே சொல்வது, ஆக்சிலின் நடுவே, எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர்கள் (டிஃபரன்ஷியல்) உள்ள குண்டுப் பகுதியின் (ஹவுசிங்) முதுகில் போல்ட் போட்டு மூடியிருக்கும் தகட்டை.

கம்பெனி கவர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

பெரும்பாலான வண்டிகளுக்கு மாற்ற வேண்டியதே இல்லை. மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. ஒன்று, துரு. மிச்சிகன், ஒஹாயோ, ஒன்டாரியோ போன்ற இடங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அதில் ஓடும் வண்டியின் தகட்டுக் கவர் கீழ் விளிம்பிலிருந்து அரித்து, ஊசித் துளை விழுந்து, கியர் ஆயில் கசிய ஆரம்பிக்கும். இன்னொன்று, பாறை. ரூபிகான் பாதை, மோவாப் போன்ற இடங்களில் ஏறி இறங்குபவர்களுக்குத் தகடு உள்ளே நசுங்கி, அங்கே சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் உரசும், அல்லது அதன் விளிம்பு மடங்கித் திறந்துகொள்ளும். மூன்றாவது, வசதி. ஃபோர்டு 8.8 (8.8 அங்குலக் கிரவுன் வீல் கொண்ட ஆக்சில்), டானா நிறுவனத்தின் பழைய ஆக்சில்கள் பலவற்றில் ஆயிலை வடிக்கத் தனித் துளையே கிடையாது. ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும்.

துருதான் பிரச்சினை என்றால், அதே வடிவத்தில் அச்சில் அழுத்திச் செய்து வரும் தகட்டுக் கவர் போதும். வார்ப்புக் கவருக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். பின்னால் வரும் வண்டிக்காரர் பார்க்கட்டும் என்று பளபளப்பான அலுமினியம் வாங்குவதும் ஒரு காரணம்தான். ஆனால் அது கியருக்கு எந்த உபகாரமும் செய்யாது.

என் வண்டிக்கு எது பொருந்தும்? போல்டை எண்ணினால் தெரிந்துவிடுமா?

தெரியாது. தவறாக வாங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பத்து போல்ட் என்றால் டானா 30, 35, 44, 60, 70, 80 எல்லாமே பத்துதான். ஃபோர்டு 8.8, கிரைஸ்லர் 8.25, ஜிஎம் (செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) 7.5, ஜிஎம் 8.5 ஆகியவையும் பத்து. பன்னிரண்டு என்றால் கிரைஸ்லர் 9.25, ஃபோர்டு 9.75, ஃபோர்டு 10.25 மற்றும் 10.5, ஜிஎம்மின் பழைய பன்னிரண்டு போல்ட் ஆக்சில். பதினான்கு என்றால் ஜிஎம் 10.5, ஜிஎம் 9.5, ஏஏஎம் (அமெரிக்கன் ஆக்சில் நிறுவனம்) 11.5. இந்தக் கடைசி ஆக்சில் 2001 முதல் ஜிஎம்மின் கனரக பிக்கப்புகளிலும் 2003 முதல் ராம் 2500, 3500 வண்டிகளிலும் வந்தது. எண்ணிக்கை ஒன்றானாலும் இவற்றின் கவர்களைப் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

மாற்றிப் போடக்கூடியவையும் உண்டு: டானா 60க்கும் 70க்கும் ஒரே கவர், ஜிஎம் 8.5க்கும் 8.6க்கும் ஒரே கவர். டானா 80 தனி. ஜீப் ராங்ளரில் 2007இல் தொடங்கிய ஜேகே மாடலுக்கும் 2018இல் வந்த ஜேஎல் மாடலுக்கும் பெயரளவில் இரண்டிலும் டானா 44தான், ஆனால் கவர் வேறு. 2018இல் இரண்டு மாடல்களும் விற்பனையில் இருந்ததால், அந்த ஆண்டு வண்டி வைத்திருப்பவர் ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் செய்யக் கூடாது.

நம்பகமான வழி இதுதான். ஆக்சில் குழாயில் ஒட்டிய சீட்டையோ கவர் போல்டில் கோத்திருக்கும் சிறு தகட்டையோ பாருங்கள். ஆக்சில் வகை, கியர் விகிதம் இரண்டும் அதிலிருந்து கிடைக்கும். துருவில் அழிந்திருந்தால் கதவுச் சட்டத்தில் உள்ள சீட்டின் ஆக்சில் குறியீட்டையோ, வண்டியின் சேசிஸ் எண்ணைக் (விஐஎன்) கொடுத்து டீலரிடம் கேட்டோ உறுதி செய்யுங்கள். கவரின் உருவத்தைப் படம் எடுத்து, வாங்கப்போகும் கவரின் விளிம்போடு ஒப்பிடுங்கள். பழைய வண்டி என்றால் முன்னால் வைத்திருந்தவர் ஆக்சிலையே மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்பக்கம் போல்டே இல்லையே?

அப்படியானால் உங்களுடையது முன்பக்கமாகக் கழற்றும் வகை. ஃபோர்டு 9 அங்குலம், டொயோட்டா டகோமாவின் பின் ஆக்சில் ஆகியவற்றில் கிரவுனும் அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனும் சேர்ந்த மொத்தத் தொகுதியும் முன்பக்கம் வழியாக வெளியே வரும்; முதுகுப்பக்கம் பற்றவைத்து மூடியது. நம்மூர் லாரிகளின் பின் ஹவுசிங்கைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட அமைப்பு. இதற்கு மாற்றுக் கவர் என்ற பேச்சே இல்லை. பாறைப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மேலே பற்றவைக்கும் தடித்த தகடு விற்கிறார்கள். பற்றவைக்கும்போது ஹவுசிங் வளையாமல் இருக்க, சின்னச் சின்னத் துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

கவரின் உட்புற வடிவத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வண்டி முன்னோக்கி ஓடும்போது கிரவுன் வீலின் பின்பாதி, அதாவது கவரை ஒட்டிய பாதி, கீழிருந்து மேலே போகிறது. அடியில் தேங்கியிருக்கும் ஆயிலை அது அள்ளி, கவரின் உள்சுவரை ஒட்டி மேலே எறிகிறது. கவர் உருண்டையாக இருந்தால் ஆயில் அந்த வளைவோடு வழுக்கி, கிரவுன் வீலின் தலைக்கு மேலாகப் போய், முன்பக்கம் உள்ள பினியன் பேரிங்குகளின் வாய்க்காலில் விழும். அந்த பேரிங்குகளுக்குத் தனி பம்ப் எதுவும் கிடையாது. இந்த எறிதல்தான் அவற்றுக்குப் பால் வார்க்கிறது.

கவர் தட்டையாக, பெட்டி போல இருந்தால் ஆயில் சுவரில் நேராக மோதிச் சிதறும். காற்று கலந்து நுரைக்கும், திரும்பக் கிரவுன் வீலிலேயே விழுந்து கடைபடும். கடைவதற்குச் செலவாகும் விசை முழுவதும் சூடாக மாறும். கலிஃபோர்னியாவின் கேல் பேங்க்ஸ் நிறுவனம் இதைக் காட்டும் வீடியோத் தொடர் ஒன்றை வெளியிட்ட பிறகுதான் தட்டைக் கவர்கள் மீது பலருக்குச் சந்தேகம் வந்தது. அந்த நிறுவனமும் கவர் விற்கிறது என்பதை நினைவில் வைத்தே அதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஆயில் பாயும் திசை பற்றிய அடிப்படை வாதம் சரியானது.

ஆகவே கடையில் வெளிப்புறத்தைப் பார்த்தது போதும். கவரைத் திருப்பிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் உட்புறப் படம் கேளுங்கள். கம்பெனி கவரின் வளைவைக் கிட்டத்தட்ட பின்பற்றுகிறதா, அல்லது செங்குத்துச் சுவரும் கூர் மூலைகளுமா? தினமும் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இரண்டாவது வகையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாறையில் நடைவேகத்தில் ஊரும் வண்டிக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

முன் ஆக்சிலுக்கும் இதே விதியா?

இல்லை. திட ஆக்சில் கொண்ட ஜீப், ராம் போன்றவற்றின் முன் ஆக்சிலில் கவர் முன்னோக்கி இருக்கிறது, பினியன் பின்னோக்கி. அங்கே கவரை ஒட்டிய பாதி மேலிருந்து கீழே வருகிறது. ஆயில் பினியன் பக்கமாகவே அள்ளப்படுகிறது. அதனால் முன் கவரின் உள்வளைவு அவ்வளவு முக்கியமல்ல, வலிமையும் இடைவெளியும்தான் முக்கியம். பாறையில் முதலில் அடி வாங்குவதும் முன் கவர்தான். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பாறை ஏறுபவர் முன்பக்கத்துக்குச் செலவிடலாம்.

கூடுதல் ஆயில் கொள்ளும் கவர் நல்லதுதானே?

அளவு கூடுவதும் மட்டம் உயர்வதும் ஒன்றல்ல. கவர் பின்னோக்கிப் புடைத்து, மட்டம் பழையபடியே இருந்து, ஒரு குவார்ட் (ஏறத்தாழ 0.95 லிட்டர்) கூடக் கொண்டால் நல்லது: சூடாக நேரம் எடுக்கும், அழுக்கும் பரவலாகும். நிரப்பும் துளையையே மேலே வைத்து மட்டத்தை உயர்த்தினால் கிரவுன் வீல் ஆழமாக மூழ்கிக் கடையும், சூடு ஏறும், ஆக்சில் முனை சீல்களில் கசிவு தொடங்கி பிரேக்கை நனைக்கும். அதிக ஆயில் ஊற்றினால் மெதுவாகத்தான் சூடாகும்; ஆனால் நீண்ட ஏற்றத்தில் கடைசியில் எட்டும் வெப்பத்தை அது மட்டும் குறைக்காது.

மட்டத்தை இப்படிச் சரிபாருங்கள். பழைய கவர் இருக்கும்போதே, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு ஆக்சில் குழாயின் மையத்திலிருந்து எவ்வளவு கீழே அல்லது மேலே என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிய கவரில் துளை அதே உயரத்தில் இல்லாவிட்டால் துளையை நம்ப வேண்டாம், உங்கள் அளவை நம்புங்கள். ஆயில் மட்டம் பார்க்கும் ஆழக்கோல் (டிப்ஸ்டிக்) வைத்த கவர்கள் (மேக்-ஹைடெக் நிறுவனம் அப்படித் தருகிறது) இதற்கு வசதி.

உயரம் ஏற்றிய வண்டிகளில் இன்னொரு சிக்கல். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணத்தைச் சரிசெய்யப் பினியனை மேல்நோக்கித் திருப்பியிருப்பார்கள். பினியன் மேலே போனால் கவர் கீழே சுழலும். கவரில் உள்ள நிரப்பும் துளையும் தாழும். துளை வரைக்கும் ஊற்றியும் ஆயில் குறைவாகவே இருக்கும், பினியன் பேரிங்கோ முன்பைவிட உயரத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து அந்த பேரிங்கைக் காயவைக்கும். இத்தகைய வண்டிக்குத்தான் துளை சற்று உயரத்தில் உள்ள கவர் உண்மையிலேயே உதவும். ஃபோர்டு 8.8 போலத் துளை ஹவுசிங்கின் முன்பக்கத்தில் இருந்தால் நிலைமை நேர் எதிர்.

இரும்பா, அலுமினியமா, தகடா?

பாறைக்கு நாட்யுலர் வார்ப்பிரும்பு. ஏஆர்பி, டானா ஸ்பைசர் போன்றவை இதில்தான் செய்கின்றன. சாதாரண வார்ப்பிரும்பு போல உடையாது, அடிக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். எடை கம்பெனி தகட்டைவிடப் பல மடங்கு. ஆனால் ஆக்சிலின் மொத்த எடையில் அது பெரிய பங்கல்ல.

தடித்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்யும் கவர்களும் பாறைக்கு ஏற்றவை. ஆனால் உள்ளே மூலை மூலையாக இருக்கும், மேலே சொன்ன ஆயில் பாய்ச்சல் பிரச்சினை உண்டு. பற்றவைத்த சூட்டில் விளிம்பு முறுக்கியிருக்கவும் கூடும். வந்தவுடன் நேர்ச்சட்டத்தை விளிம்பின் குறுக்கே வைத்து, 0.25 மி.மீ. ஃபீலர் தகடு எங்காவது நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் திருப்பி அனுப்புவதே உத்தமம்.

அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது, சூட்டை இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். நெடுஞ்சாலையில் இழுக்கும் வண்டிக்குச் சரி. பாறையில் அது சீவுபடும், கடும் அடியில் விரிசல் விடும். மலிவு வார்ப்புகளில் உள்ளே நுண்துளை இருந்து, போல்ட் எல்லாம் சரியாக இருந்தும் கவரின் நடுவில் ஆயில் வியர்க்கும். அதற்கு மருந்து கிடையாது.

வெளியே துடுப்பு துடுப்பாக இருந்தால் சூடு குறையுமா?

ஓரளவு. கிரவுனும் பினியனும் சேர்ந்த ஹைப்பாய்டு கியரில் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால் சூடு அங்கேதான் பிறக்கிறது. அதைத் தீர்மானிப்பது சுமையும் ஆயிலும். துடுப்புகள் உதவ வேண்டுமானால் அவற்றின் மேல் காற்று வீச வேண்டும். ஆனால் கவர் ஆக்சிலின் முதுகில், காற்று மறைவில் இருக்கிறது. துடுப்புகளுக்கு நடுவே சேறு அப்பிவிட்டால் அது போர்வையாகிவிடும். சூடு பற்றிய கவலை உண்மையானால் வெப்பமானி பொருத்தும் துளை உள்ள கவரை வாங்கி அளந்து பாருங்கள்.

பேரிங் மூடியைத் தாங்கும் போல்ட் உள்ள கவர்கள் பற்றி?

கவருக்கு வெளியிலிருந்து இரண்டு திருகுகள் உள்ளே போய், கிரவுன் வீலைத் தாங்கும் பேரிங் மூடிகளை அழுத்தி நிற்கும். அதிக சுமையில் மூடிகள் பின்னோக்கி வளைவதைக் குறைப்பது நோக்கம். டிராக் ரேஸ் எனும் நேர்கோட்டு வேகப் பந்தய வண்டிகளில், பெரிய எஞ்சின் ஏற்றிய ஜிஎம் 8.5, ஃபோர்டு 8.8 ஆக்சில்களில் அர்த்தமுண்டு. சாதாரண பிக்கப்புக்குத் தேவையில்லை. தேவையென்று போட்டால் திருகு மூடியைத் தொட்டு, தயாரிப்பாளர் சொன்ன சிறு டார்க்கில் (முறுக்கு விசையில்) நின்று, பூட்டு நட் விழ வேண்டும். பலம் சேர்க்கிறோம் என்று முறுக்கினால் மூடி உருமாறி பேரிங் நசுங்கும். அதற்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

வாங்குமுன் எங்கெல்லாம் இடிக்கும் என்று பார்க்க வேண்டும்?

பின்னால் ஸ்பேர் டயர், சஸ்பென்ஷன் கம்பிகளான ஸ்வே பார், பான்ஹார்டு. முன்னால் சஸ்பென்ஷனின் டிராக் பார், ஸ்டியரிங்கின் டை ராடு. ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பியும், சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போதும் இடைவெளி இருக்க வேண்டும். வண்டி நின்ற நிலையில் ஒரு அங்குலம் இருக்கிறது என்பது போதாது.

உள்ளேயும் இடிக்கும். தடித்த கிரவுன் வீல் போட்ட வண்டியில், அல்லது ஏர் லாக்கர் (இரு சக்கரங்களையும் காற்றழுத்தத்தால் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) குழாய் உள்ளே ஓடும் வண்டியில், கவரின் உட்புறத்தில் களிமண் போன்ற மாடலிங் மண்ணை ஒட்டி, கேஸ்கெட்டோடு மாட்டி, சக்கரத்தை மெதுவாகச் சில சுற்று சுற்றிக் கழற்றிப் பாருங்கள். அழுந்திய இடத்தில் மிஞ்சிய மண்ணின் தடிமன் 3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் அந்தக் கவர் வேண்டாம். பார்த்து முடித்ததும் மண்ணை ஒரு துணுக்கு விடாமல் துடையுங்கள்.

பல வண்டிகளில் பிரேக் குழாயின் கிளிப் கவர் போல்டிலேயே மாட்டியிருக்கும். புதிய கவரில் போல்ட் தலை குழிக்குள் போனால் அந்தக் கிளிப்புக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். தொங்கவிட்டால் குழாய் உரசி ஓட்டையாகும்.

கேஸ்கெட் போடவா, சிலிகான் தடவவா?

இரண்டும் வேலை செய்யும், இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் தப்பு. அடிக்கடி திறப்பவர்களுக்கு எஃகுத் தகட்டில் சிலிகான் வரிப்பு கொண்ட லூப்லாக்கர் வகை கேஸ்கெட் நல்லது. காய்ந்தே போட வேண்டும், மறுபடியும் பயன்படும். ஓ-ரிங் வைத்து வரும் கவர்களுக்கு வேறு எதுவும் தடவக் கூடாது. சிலிகான் என்றால் கியர் ஆயில் தாங்கும் ஆர்டிவி (அறை வெப்பத்திலேயே இறுகும் பசை) மட்டும்.

மாட்டும் வரிசை என்ன?

முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருவில் இறுகியிருந்தால், ஆயிலை வடித்த பிறகு தெரிந்து பயனில்லை; வண்டி அங்கேயே நின்றுவிடும்.

கொஞ்சம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பானதும், 4 லிட்டருக்குக் குறையாத தட்டை அடியில் வைத்து, கீழ் போல்டுகளைக் கழற்றி, மேலே இரண்டை மட்டும் சில திருகு தளர்த்தி விடுங்கள். விளிம்பை நெம்பினால் கவர் கீழ்ப்பக்கம் பிரிந்து ஆயில் தட்டில் விழும். மேல் போல்டுகள் கவரைப் பிடித்துக்கொள்ளும். ஹவுசிங்கின் விளிம்பில் கீறல் விழாமல் பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, பிரேக் கிளீனரால் துடைத்து, முற்றிலும் காயவிடுங்கள். கிரவுன் வீலின் மேலிருந்து ஆயில் சொட்டு சொட்டாக விளிம்புக்கு வந்துகொண்டே இருக்கும். அரைமணி நேரம் வடியவிடாமல் சிலிகான் பூசுவதுதான் பாதிக் கசிவுகளுக்குக் காரணம்.

சிலிகானை 3 முதல் 6 மி.மீ. தடிமனில் இடைவிடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் சுற்றி இழுங்கள். பத்து நிமிடத்துக்குள் மாட்டி, எதிரெதிர் போல்டுகளாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பல டானா, கிரைஸ்லர் ஆக்சில்களுக்கு 30 அடி-பவுண்டு (41 நியூட்டன் மீட்டர்) வழக்கம். உங்கள் ஆக்சிலின் கையேடும் கவர்த் தயாரிப்பாளரும் சொல்வதே முடிவு. தடித்த கவருக்கு நீளமான போல்ட் வேண்டும். திருகு குறைந்தது போல்டின் விட்டத்தளவாவது ஹவுசிங்குக்குள் போக வேண்டும். ஆனால் அடி முட்டக் கூடாது. முட்டினால் டார்க் ரெஞ்ச் சொடுக்கும், கவரோ அழுந்தியிருக்காது. சிலிகான் டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள். ஃபோர்டு 8.8 சுமார் இரண்டரை லிட்டர் கொள்ளும். மூன்று குவார்ட் வாங்கி வைத்தால் போதும்.

எந்த ஆயில்?

கையேடு சொல்லும் பாகுநிலையில் ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். 75டபிள்யூ-90 பரவலானது, கடும் இழுவைக்குச் சில கம்பெனிகள் 75டபிள்யூ-140 கேட்கின்றன. ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் போன்ற கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்புக்கு (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) உராய்வுத் திருத்தி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அதிரும். பாட்டிலில் ஏற்கெனவே கலந்திருந்தால் மறுபடி கலக்க வேண்டாம்.

புதிய கவர் போட்டும் கசிகிறது. ஏன்?

விளிம்பில் ஆயில் படிந்திருந்தது, விளிம்பு வளைந்திருந்தது, சிலிகான் காயுமுன் ஆயில் ஊற்றியது, இவை வழக்கமான மூன்று. போல்ட் தலைகளைச் சுற்றி மட்டும் ஈரம் இருந்தால் அந்தத் துளைகள் உள்ளே வரை திறந்தவை. போல்ட் திருகில் சீலன்ட் தடவ வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பினியன் சீலிலும் ஆக்சில் முனையிலும் கசிந்தால் ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் துவாரமான பிரீதரைப் பாருங்கள். அது சேற்றில் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, இளைத்த இடம் வழியே ஆயிலைத் தள்ளும். சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கினால் அதே அடைப்பு தண்ணீரை சீல் வழியாக உள்ளே இழுக்கும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். எவ்வளவு விலையுள்ள கவரும் இதைத் தடுக்காது. பிரீதர் குழாயை எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டுவது சில டாலர் வேலை.

வாரண்டி போய்விடுமா?

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளிக்கம்பெனிப் பாகம் போட்டதை மட்டும் காரணமாகச் சொல்லி வாரண்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தப் பாகம்தான் காரணம் என்று காட்ட வேண்டும். மட்டம் தப்பான கவரால் பினியன் பேரிங் போனால் அதைக் காட்டுவது அவர்களுக்குக் கடினமல்ல. ஆயில் ரசீதையும் பழைய கவரையும் பத்திரமாக வையுங்கள்.

இரும்புத் துகளைப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் காந்தத்தில் ஒட்டியிருப்பது எதைச் சொல்கிறது?

சாம்பல் நிற மை போன்ற நைஸ் பசை இயல்பு, புதிய கியர் போட்ட வண்டியில் அது கூடுதலாகவே இருக்கும். விரலில் உறுத்தும் செதில், ஊசி போன்ற துண்டு, பல்லின் முனை இவை தெரிந்தால் புதிய கவரை மூட வேண்டாம். பேரிங்கையும் பற்களையும் முதலில் பாருங்கள். கம்பெனி காந்தம் பழைய கவரிலேயே ஒட்டியிருந்தால், புதியதில் காந்தப் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் காந்தத்தைப் பெயர்த்து, துடைத்து, ஹவுசிங்கின் அடியில் கிரவுன் வீல் தொடாத இடத்தில் வையுங்கள்.